சிவப்பில் நிற்கும் முள்

மண்டையைப் பிளக்கிற வெயிலில் காருக்குள் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டுக்கொண்டு போகிற குடும்பம் உலகத்தில் உண்டா என்று கேட்டால், இருந்தது. குடும்பம் என்றால் ரெண்டே பேர். ஓட்டுகிறவர் முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெரு அவரை இன்னும் டிரைவர் என்றுதான் கூப்பிடும். பக்கத்து சீட்டில் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பவள் அவர் மனைவி கேக்கம்மா. வீட்டிலேயே கேக் போட்டு, கேட்டவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் பிழைப்பு. போடுவது அவள், கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்.

ஹீட்டருக்குக் காரணம் டெம்பரேச்சர் முள். வண்டி பழைய வண்டி. அது கிளம்பிப் பத்து நிமிஷம் ஆனால் முள் விறுவிறுவென்று ஏறிப்போய்ச் சிவப்புக் கோட்டில் மூக்கை உரசிக்கொண்டு நிற்கும். மூன்று வாரமாக இதே கூத்துதான். இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரைப் போட்டால், அந்தச் சூடு வண்டிக்குள் வந்துவிடும், இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். டிப்போவில் படித்த பாடம். இன்ஜினும் பிழைத்துக்கொண்டது. பின்சீட்டில் இருந்த கேக்தான் செத்துப்போனது.

போன சனிக்கிழமை நடந்தது அது. மலைமேல் இருக்கிற விருந்து மண்டபத்துக்கு ஒரு பிறந்தநாள் கேக். கேக்கம்மா பெட்டியைத் திறந்தபோது ரோஜாப்பூ ஏழும் ஒரே பக்கமாக வழிந்துபோய் மூலையில் குளமாகத் தேங்கியிருந்தன. பிறந்தநாள் குழந்தை எட்டிப் பார்த்து, "இதை ஸ்பூன்ல சாப்பிடணுமா, ஸ்ட்ரா போட்டுக் குடிக்கணுமா?" என்று கேட்டது. அவளுக்கு அங்கேயே பூமி பிளந்துவிடக் கூடாதா என்று இருந்தது.

மறுநாள் மண்டப மேனேஜரம்மா போன் செய்தாள்.

"உங்க கைப்பக்குவத்துல ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் உங்க வண்டியிலதான். வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணக் கேக்கை ஒழுங்கா கொண்டுவந்துடுங்க. அதுக்கப்புறம் ஏசி வேன் வச்சாத்தான் நம்ம மண்டபத்துல ஆர்டர். வேன்காரர் நம்பரை நானே அனுப்பறேன். சரியா?"

"சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டாள் கேக்கம்மா. வேறென்ன சொல்வது? அவள் கேக்கில் பாதி அந்த மண்டபத்துக்குத்தான் போகிறது.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ஓய்வு பெற்ற புதிதில் அந்த மனுஷன் இருந்த இருப்பு அவளுக்குத்தான் தெரியும். தினமும் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டு, எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று கணக்குப் பார்த்துவிட்டு வந்து, "பதினேழாம் நம்பர் இன்னைக்கும் ஆறு நிமிஷம்" என்பார். அப்புறம் அதற்கும் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று மாசம். சாப்பிடுங்க என்றால் சாப்பிடுவார், அவ்வளவுதான். கேக் கொண்டுபோகிற வேலை வந்த பிறகுதான் திரும்ப விடியற்காலையில் எழுந்து வண்டியைத் துடைக்கவும், இஸ்திரி போட்ட சட்டை கேட்கவும், அவளோடு சண்டை போடவும் ஆரம்பித்தார். வேன் வந்தால் இவர் மறுபடி சுவரைப் பார்க்கப் போய்விடுவார் என்று பயந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த முள்ளுக்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

வழி பண்ணுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் தெருமுனை மெக்கானிக். அவனுக்கு ஊர் வைத்த பேர் மாத்திடலாம். எதைக் காட்டினாலும் அவன் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான். ரேடியேட்டர் மூடியை மாற்றினான். தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினான். வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், கடைசியில் முள்ளுக்குச் செய்தி சொல்கிற சென்சார், எல்லாவற்றையும் மாற்றினான். முள் எதையும் சட்டை பண்ணாமல் சிவப்பிலேயே நின்றது.

"இன்ஜின் ஹெட்டைக் கழட்டிப் பாத்துடலாம் டிரைவரண்ணே," என்றான். "உள்ள என்ன வியாதியோ. ஒரு வாரம் வண்டி இங்கயே கிடக்கட்டும்."

"கழட்டிடு," என்றார் டிரைவர்.

"யாரும் எதையும் கழட்ட வேண்டாம்!" என்று கத்திவிட்டாள் கேக்கம்மா. ரெண்டு ஆம்பளைகளும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். "ஞாயித்துக்கிழமை மூணடுக்குக் கேக்கை நான் என்ன தோள்ல வச்சுக்கிட்டா மலையேறுவேன்? வண்டிய வீட்டுக்கு எடுங்க."

அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக், அதனால் பேர் ஐஸ்பெட்டி. அக்கா வீட்டுக்காரர் மேல் அவனுக்கு மரியாதை நிறைய, வாய் அதைவிட நிறைய. வியாழக்கிழமை காலையில் பையோடு வந்து இறங்கினான். வண்டி வாசலில் நிழலில் நின்றது. டிரைவர் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, நோயாளிக்குச் சொந்தக்காரர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் மாமா," என்றான் ஐஸ்பெட்டி. "இன்ஜின் சூடா, இல்ல முள்ளு மட்டும்தான் சூடுன்னு சொல்லுதா?"

"என்ன மச்சான் கேள்வி இது? முள்ளு சொல்றதுதானே சூடு?"

"ரேடியேட்டர்லேர்ந்து ஆவி வந்துச்சா?"

"வரலை."

"தண்ணி குறைஞ்சுதா?"

"ஒரு சொட்டு குறையலை."

"வண்டி இழுக்க முடியாம திணறிச்சா?"

"ஜம்முன்னு இழுக்குது. அதான் பயமா இருக்கு."

"நல்லா இருக்கறதுக்கு ஒரு மனுஷன் பயப்படுவாரா அக்கா?"

"ஏய், என்கிட்ட பேசு," என்றார் டிரைவர். "முப்பத்தொரு வருஷம் முள்ளை நம்பி ஓட்டினவன் நான். முள்ளாவது மண்ணாவதுன்னு ஓட்டினவன் பஸ்ஸெல்லாம் ரோட்டோரம் புகை விட்டுக்கிட்டு நின்னுச்சு. என் பஸ் ஒரு நாள் நின்னதில்ல."

ஐஸ்பெட்டி சென்சாரில் மாட்டியிருந்த வயரை உருவினான். அக்காவை உள்ளே உட்கார்ந்து பார்க்கச் சொன்னான். சாவியைத் திருப்பினால் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. வயரை இன்ஜின் இரும்பில் தொட்டான். முள் எம்பி உச்சிக்குப் போனது.

"வயர் நல்லாருக்கு. சென்சார் புதுசு. இப்ப தண்ணிய அளந்து பாக்கணும். உன் பாகு தெர்மாமீட்டரைக் கொடுக்கா."

"என்னது!"

சர்க்கரைப் பாகு பதம் பார்க்க அவள் வைத்திருக்கிற தெர்மாமீட்டர் அது. நீளமானது. வீட்டில் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. டிரைவர் ஒரு தடவை அதை எடுத்துக் குளிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்ததற்கு ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

"அதை உங்க ரேடியேட்டர் கழனித்தண்ணியில விட்டுட்டு, நாளைக்கு நான் பாகுல விட்டு ஊருக்கெல்லாம் ஊட்டணுமா?"

"வேற எதுல அளக்கறது? மாமா நாக்கை விட்டுப் பாக்கச் சொல்லவா?"

வேன்காரர் நம்பர் போனில் வந்து நாலு நாளாகிறது. உள்ளே போய் எடுத்துவந்து தம்பி கையில் கொடுத்தாள். "இனிமே இது உங்க சொத்து. என் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது," என்றாள்.

இன்ஜின் ஆறியிருந்ததால் மூடியைத் திறந்து, தெர்மாமீட்டரை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டார்கள். ஸ்டார்ட் செய்தார்கள். டிரைவர் உள்ளே உட்கார்ந்து முள்ளைப் படித்தார், ஐஸ்பெட்டி வெளியே நின்று தெர்மாமீட்டரைப் படித்தான். கேக்கம்மா நடுவில் நின்று ரெண்டு பேர் வாயையும் பார்த்தாள்.

"நடுவுல வந்துடுச்சு!"

"ஐம்பத்தெட்டு!"

"நடுவைத் தாண்டிடுச்சு!"

"எழுபது!"

"சிவப்பு! சிவப்பைத் தொட்டுடுச்சு! நிறுத்தறேன்!"

"நிறுத்தாதீங்க மாமா! எண்பத்திநாலுதான்! தண்ணி கொதிக்க நூறு ஆகணும்!"

"டேய், வெடிச்சுடும்டா!"

"எண்பத்திநாலுல நின்னுபோச்சு. அஞ்சு நிமிஷமா நிக்குது. வந்து உங்க கண்ணால பாருங்க."

டிரைவர் இறங்கிவந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். உள்ளே போய் முள்ளைப் பார்த்தார். திரும்பி வந்தார். "உன் அக்கா தெர்மாமீட்டர் பழசு," என்றார்.

"பழசா?" கேக்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது ஒரு டிகிரி தப்பாக் காட்டியிருந்தா என் கடை என்னைக்கோ மூடியிருக்கும். என் ஓவன்ல இருக்கற முள்ளு ஒன்பது வருஷமா இருபது டிகிரி கூடக் காட்டுது, தெரியுமா? அதை நம்பியிருந்தா நீங்க இத்தனை வருஷம் பச்சை மாவுதான் தின்னிருப்பீங்க. முள்ளு சொன்னா வேதமா?"

"அப்ப இது ஏன் பொய் சொல்லுது?"

"அது தெரியலை மாமா," என்றான் ஐஸ்பெட்டி. "பொய்யின்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை ஹீட்டர் போடக் கூடாது. அவ்வளவுதான்."

டிரைவர் ஒத்துக்கொள்ள மேற்கொண்டு ரெண்டு மணி நேரம் ஆயிற்று. ஒத்துக்கொண்டாலும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே தன்னால் ஓட்ட முடியாது, கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும் என்றார். அதனால் ஐஸ்பெட்டி அக்காவின் பட்டர் பேப்பரைக் கத்தரித்து அந்த முள்மேல் ஒட்டினான். பக்கத்தில் இருந்த பெட்ரோல் முள்ளையும் சேர்த்து மறைக்கப் போனபோது டிரைவர் அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"அதைத் தொடாத. இந்த வண்டியில இப்ப ஒழுங்கா இருக்கறது அது ஒண்ணுதான். அன்னைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து, உள்ள பல்பு மாத்தி, பிளக்கெல்லாம் துடைச்சு நானே சர்வீஸ் பண்ணேன் பாரு, அதுலேர்ந்து மைலேஜ் பிச்சுக்கிட்டுப் போகுது. முள்ளு கீழ இறங்கவே மாட்டேங்குது."

"கைராசி மாமா உங்களுக்கு."

"பின்னே?" என்றார் டிரைவர். மூன்று வாரத்தில் அன்றுதான் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேக் ஏறியது. கீழ் அடுக்கு ரெண்டும் சேர்ந்து பின்சீட்டில் ஒரு பெட்டியில், பின்கண்ணாடியை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மேல் அடுக்கு ஐஸ்பெட்டியின் மடியில். அதைச் சுற்றி அவன் ஐஸ் பொட்டலம் அடுக்கியிருந்தான். பட்டர் கிரீமுக்கு நல்லது, அவன் தொடைக்குத்தான் மரத்துப்போயிற்று. பதினோரு மணிக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும்.

ஹீட்டர் இல்லாமல் வண்டிக்குள் காற்று வந்ததைக் கேக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு அனுபவித்தாள். டிரைவர் மட்டும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பேப்பர் ஒட்டிய இடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பேப்பர் சுடுதான்னு தொட்டுப் பாரேன்."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"கருகற வாசனை வருதா?"

"அது என் முந்தாநாள் பிஸ்கட். டப்பாவுல இருக்கு."

மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். "போடணுமா மாமா?" என்று கேட்டான் ஐஸ்பெட்டி. டிரைவர் முள்ளைக் காட்டினார். "கால் டேங்க் தாண்டி இருக்கு. போயிட்டு வந்து இன்னொரு தடவை போகலாம்."

பாதி மலை ஏறியதும் வண்டி ஒரு தடவை விக்கியது. இன்னொரு தடவை விக்கியது. அப்புறம் சத்தமே இல்லாமல் நின்றுவிட்டது. டிரைவர் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ரெண்டு பேரையும் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் வருத்தம் கால் பங்குதான், மீதியெல்லாம் வெற்றி.

"சொன்னேனா? அக்காவும் தம்பியும் சேர்ந்து கொன்னுட்டீங்க. இன்ஜின் போச்சு. தெர்மாமீட்டராம், எண்பத்திநாலாம்!"

கேக்கம்மா இறங்கிப் பானட்டைத் தூக்கினாள். ஆவி இல்லை, கருகல் இல்லை. ரேடியேட்டர் பக்கத்தில் கையை நீட்டினாள். அவள் அடுப்பு இதைவிடச் சூடாக இருக்கும். அவளுக்கு அழுகை வந்தது. மணி பத்தேகால். தலைக்கு மேல் வெயில், பின்னால் மூணடுக்குக் கேக், மேலே வேன்காரர் நம்பரோடு மேனேஜரம்மா. அவள் வந்து முன்சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். எதிரே பேப்பர் ஒட்டிய முள், பக்கத்தில் கால் டேங்க் காட்டுகிற முள்.

"என்னங்க. மைலேஜ் எப்பலேர்ந்து கூடிச்சுன்னு சொன்னீங்க?"

"இப்ப அதுவா முக்கியம்? நான் சர்வீஸ் பண்ண அன்னைக்கு."

"அது என்னைக்கு?"

"மூணு வாரத்துக்கு முன்னால."

"இன்ஜின் சூடு எப்பலேர்ந்து?"

டிரைவர் பேப்பர் ஒட்டிய முள்ளைப் பார்த்தார்.

"ரெண்டு முள்ளும் ஒரே நாள்ல ஏறியிருக்கு," என்றாள் கேக்கம்மா. "கெட்டது சொன்ன முள்ளுக்காக ஒரு வண்டிச் சாமானையே மாத்தினீங்க. நல்லது சொன்ன முள்ளை ஒரு வார்த்தை கேக்கலையே!"

ஐஸ்பெட்டி மடிக்கேக்கைச் சீட்டில் வைத்துவிட்டு, மரத்துப்போன காலோடு நொண்டிக்கொண்டே பின்னால் போனான். டேங்க் மூடியைத் திறந்து, ரோட்டோரம் கிடந்த குச்சியை உள்ளே விட்டு எடுத்தான். ஒரு சொட்டுகூட நனையாமல் வந்தது.

"பாலைவனம் மாமா," என்றான்.

டிரைவர் வண்டியில் சாய்ந்து நின்றார். முப்பத்தொரு வருஷத்தில் பெட்ரோலோ டீசலோ இல்லாமல் நடுரோட்டில் நின்றதில்லை அவர். டிப்போவில் அப்படி நின்றவர்களைப் பார்த்து இவர் சிரித்த சிரிப்பு கொஞ்சமா? காது மடலெல்லாம் சிவந்துபோயிற்று.

"நான் நடந்து போய் வாங்கிட்டு வரேன்," என்றான் ஐஸ்பெட்டி.

"இந்தக் காலோட போய் வர ஒரு மணி நேரம் ஆகும்," என்றாள் கேக்கம்மா. "அதுக்குள்ள கேக் கூழாயிடும்."

"வண்டியைத் திருப்பித் தள்ளலாமா?"

"இந்தச் சந்துலயா? முன்சக்கரம் பள்ளத்துல போகும்." அவள் கேக் பெட்டியைப் பார்த்தாள். அவ்வளவுதான், வேனே வரட்டும் என்று மனசு சொல்லிவிட்டது.

டிரைவர் நிமிர்ந்தார். பாதையைக் கீழே ஒரு தடவை பார்த்தார். ரெண்டு வளைவு, அப்புறம் நேராகப் பங்க்.

"ரிவர்ஸ்ல இறக்கிடலாம்," என்றார்.

"பின்கண்ணாடியே தெரியாதே! பூராக் கேக்!"

"பஸ்ஸுல மட்டும் என்ன தெரியும்? நீ இறங்கு. ஓரமா நடந்துக்கிட்டே சொல்லு. கதவுல ரெண்டு தட்டு தட்டினா வரலாம். ஒரு தட்டு, நிறுத்து."

அவள் இறங்கினாள். ஐஸ்பெட்டி ரெண்டு கேக்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, கைப்பிரேக்கை மெதுவாக விட்டார். இன்ஜின் உயிரில்லாத வண்டி, பிரேக் கல்லாக இருந்திருக்கும், ஸ்டியரிங் அசையாமல் முரண்டு பிடித்திருக்கும். வெளியே இருந்து பார்க்க அது ஒன்றும் தெரியவில்லை. வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல், நடந்து வருகிற மனுஷன் மாதிரி பின்னால் வந்தது. எந்த முள்ளையும் அவர் பார்க்கவில்லை. பின்னால் போவதைக் காட்ட முள்ளும் இல்லை.

"ரைட்... ரைட்... இன்னும் வரலாம்... வலப்பக்கம் கல் இருக்கு... ஹோல்டான்!"

ஒரு தட்டு. வண்டி நின்றது. பின்சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு ஜாண் இருந்தது. அவருடைய நெற்றி நரம்பு புடைத்திருந்தது, கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. கல்யாணமான புதிதில் டிப்போ வாசலில் நின்று அவர் பஸ்ஸைப் பின்னால் எடுப்பதைப் பார்த்திருக்கிறாள். அதே ஆள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரெண்டு தட்டு தட்டினாள்.

எதிரே ஏறிவந்த சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி ஓரமாக நின்று, கார் பின்னால் போவதையும் ஒரு அம்மா கதவைத் தட்டிக்கொண்டே கூட நடப்பதையும் வாயைப் பிளந்து பார்த்தார். "கேக் இருக்குங்க," என்று அவருக்கு விளக்கம் சொல்லிவிட்டு நடந்தாள் கேக்கம்மா.

பங்கில் பெட்ரோல் போடுகிற நேரத்தில் ஐஸ்பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். ரெண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னால் ரெண்டுக்கும் கரண்ட் கொடுக்கிறவன்தான் திருடன் என்றான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அட, ஃபிரிட்ஜுக்கு வைக்கிற மாதிரி இதுக்கும் ஒரு குட்டி ஸ்டெபிலைசர் இருக்கு! கூடுதல் கரண்டை மட்டுப்படுத்தற சாமான். இதை வண்டியோட சேத்து இறுக்கினாத்தான் வேலை செய்யும். மாமா, இங்க ஒரு திருகு இருக்கணுமே?"

டிரைவர் பெட்ரோல் போடுகிறவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"பல்பு மாத்தினப்ப ஒண்ணு மிஞ்சிச்சு," என்றார் மெல்ல. "கம்பெனிக்காரன் ஒண்ணு கூடப் போட்டிருக்கான்னு நெனச்சேன்."

ஐஸ்பெட்டி தலையை வெளியே எடுத்துச் சிரிக்க ஆரம்பித்தவன், அக்காவின் பார்வையைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டான். பையிலிருந்து ஒரு திருகைப் போட்டு இறுக்கினான். வண்டி மலையேறியது. பேப்பரைப் பிய்த்துப் பார்த்தார்கள். முள் நடுவிலேயே நின்றது, கடைசி வரைக்கும் அசையவில்லை.

பதினொன்றுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது கேக் மேஜைமேல் ஏறியது. டிரைவரும் ஐஸ்பெட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். மேனேஜரம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். ஒரு இதழ் நலுங்கியிருக்க வேண்டுமே, இல்லை.

"பரவாயில்லையே! இப்பதான் செஞ்சு வச்ச மாதிரி இருக்கு. அடுத்த மாசம் மூணு கல்யாணம் வருது. வேன்காரர்கிட்ட பேசிட்டீங்கல்ல?"

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். கேக்கம்மா அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

"வேன்காரருக்கு ரிவர்ஸ்ல மலையிறங்கத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க மேடம்," என்றாள். "தெரியும்னு சொன்னா யோசிக்கலாம்."

மேனேஜரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேக்கை இன்னொரு தடவை பார்த்தாள். "என்னமோ, கேக் இப்படி வந்தா சரி. எதுல வேணாலும் கொண்டாங்க," என்று சொல்லிவிட்டு விருந்தாளிகளைக் கவனிக்கப் போனாள்.

வாசலுக்கு வந்தார்கள். டிரைவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமலே நின்றார்.

"எந்த வேன்?" என்று கேட்டார்.

"வராத வண்டியைப் பத்தி டிரைவருக்கு எதுக்குங்க?" என்றாள் கேக்கம்மா. "எடுங்க, நேரமாச்சு."